கூட்டல் சரி, மதிப்பெண் சரியா?

கணிதம் 97, அறிவியல் 94, சமூக அறிவியல் 92, ஆங்கிலம் 86, தமிழ் 71. அண்ணனூரில் ஒரு வீட்டுக்கு மே மாதத்தில் இப்படி ஒரு பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு எண்களைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசப்போவதில்லை. "தமிழ்ல போய் எப்படிடா கொறஞ்சுது?" என்பார் அம்மா. "நல்லாதாம்மா எழுதுனேன்" என்பான் பையன். மாடி வீட்டுக் கல்லூரிப் பெண் எட்டிப் பார்த்து, "ரீடோட்டல் போடுங்க ஆன்ட்டி, எங்க சித்தி பையனுக்கு ஏறுச்சு" என்று வழி சொல்வாள். மின்சார ரயில் பணிமனையில் ஷிஃப்டில் இருக்கும் அப்பாவுக்கு அதற்குள் பட்டியல் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தப் பெண் சொன்ன 'ரீடோட்டல்' என்ற சொல்லில்தான் குழப்பம் தொடங்குகிறது. மறுகூட்டல் என்றால் விடைத்தாளில் போட்டிருக்கும் மதிப்பெண்களை இன்னொரு முறை கூட்டிப் பார்ப்பது. ஏதாவது ஒரு விடை திருத்தப்படாமல் விட்டுப்போயிருக்கிறதா, உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புத் தாளுக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று சரிபார்ப்பதும் அதில் அடங்கும். பையனின் குறையோ வேறு. 'எட்டு மதிப்பெண் நெடுவினாவுக்கு மூன்று பக்கம் எழுதினேன், எவ்வளவு போட்டார்கள்?' என்பதுதான் அவன் கேள்வி. போட்டது ஐந்து என்றால், எத்தனை முறை கூட்டினாலும் ஐந்து ஐந்துதான்.

மொழிப்பாடத்தில் ஏமாற்றம் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு அரசுத் தேர்வுகள் இயக்ககமே ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது. அதுதான் செண்டம் கணக்கு. 2024-இல் ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,691 பேர், அறிவியலில் 5,104 பேர், ஆங்கிலத்தில் 415 பேர். தமிழில் 8 பேர். மறு ஆண்டு கணிதத் தாள் கடினமாகி அந்த எண் 1,996 ஆக விழுந்தது. அறிவியல் 10,838 ஆக எகிறியது. தமிழ் மட்டும் அசையாமல் அதே 8-இல் நின்றது. 2022-இல் இன்னும் மோசம்: மாநிலம் முழுவதற்கும் தமிழில் ஒரே ஒரு செண்டம். அதே தேர்வில் 47 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழில் தேர்ச்சி பெறவில்லை. தமிழ்நாட்டில் தமிழ்த்தாளில் இத்தனை பேர் தோற்பதா என்று அப்போது பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது.

கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததையும் இதில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் செண்டம் வறட்சிக்கு கோவிட்டைக் காரணம் சொல்ல முடியாது. அதன் வேர் வினாத்தாளின் அமைப்பில் இருக்கிறது.

பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாள் 100 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இவற்றில் சண்டைக்கு இடமே இல்லை; விடை சரி, அல்லது தப்பு. அடுத்த 18 மதிப்பெண் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கு, இன்னொரு 18 மூன்று மதிப்பெண் வினாக்களுக்கு. மிச்சம் இருப்பதுதான் கனமான பகுதி. ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 25, எட்டு மதிப்பெண் நெடுவினாக்கள் மூன்றுக்கு 24. ஆக, தாளில் ஏறத்தாழ பாதி மதிப்பெண் கடிதம், நயம் பாராட்டல், படத்தைப் பார்த்துக் கவினுற எழுதுவது, கட்டுரை என்று திருத்துபவரின் தீர்ப்பை நம்பி இருக்கிறது. பிளஸ் டூ தமிழும் இதற்கு அண்ணன்தான். 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் நான்கு மதிப்பெண், ஆறு மதிப்பெண் வினாக்கள் மட்டும் 46 மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்கின்றன.

கணக்கில் கடைசி விடை தவறினாலும் இந்தப் படிக்கு ஒன்று, அந்தப் படிக்கு ஒன்று என்று பிரித்துப் போட விடைக்குறிப்பு வழிவிடுகிறது. கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று பிரிக்கலாம். ஆனால் உட்தலைப்பின் கீழ் எழுதியது நன்றாக இருக்கிறதா என்பதை எந்தக் குறிப்பும் சொல்லாது. அதோடு மொழித்தாளுக்கே உரிய கழிவுகள் வேறு: ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, ல-ள-ழ மயக்கம், மனப்பாடப் பாடலில் சீர் பிரிப்பது. பேச்சில் 'வாயப்பயம்' என்று சொல்லிப் பழகிய பிள்ளை தாளில் 'வாழைப்பழம்' என்று எழுத ஒரு கணம் யோசிக்கத்தான் செய்யும். அண்ணனூர், ஆவடி வட்டாரத்தில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. ரயில்வே, 1961-இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். என்று வேலைக்கு வந்த குடும்பங்களில் வீட்டில் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் பேசுகிறவர்கள் நிறைய. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. அதற்கு முன்னால் வேறு மொழியை முதல் தாளாக எழுதியிருக்கக்கூடிய பிள்ளைகள் அதன்பின் தமிழ்த்தாள் எழுத வந்தார்கள். வீட்டில் பேசாத மொழியில் கட்டுரை எழுதி வாங்கும் 60, அந்த வீட்டைப் பொறுத்தவரை பெரிய எண்.

திருத்தும் முகாமுக்குள் ஒரு எட்டு போய்ப் பார்த்தால் எங்கே என்ன தவறலாம் என்பது விளங்கும். விடைத்தாள் மாணவரின் பெயரோ பதிவெண்ணோ தெரியாதபடி கட்டுக்கட்டாக வருகிறது. ஆசிரியர்கள் சி.இ., எஸ்.ஓ., ஏ.இ. என்று சுருக்கிச் சொல்லும் முதன்மைத் தேர்வாளர், கூர்ந்தாய்வாளர், உதவித் தேர்வாளர்கள் சேர்ந்தது ஒரு குழு. உதவித் தேர்வாளர் திருத்துகிறார்; கூர்ந்தாய்வாளர் கூட்டலையும் விடுபட்ட வினாக்களையும் பார்க்கிறார்; முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து மறுபடி பார்க்கிறார். காலை ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. மின்விசிறி சுற்றினாலும் ஏப்ரல் மாதம் ஏப்ரல் மாதம்தான். கூட்டலில் பிழை விட்டது பின்னால் தெரிந்தால் ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். ஆகவே எல்லாருடைய கவனமும் கூட்டலில்தான் குவிகிறது. ஐந்து போட வேண்டிய இடத்தில் நான்கு போட்டதற்காக யாருக்கும் மெமோ வந்ததாகக் கேள்விப்பட முடியாது. அது பிழை என்று எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு அமெரிக்கர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1912-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் ஆகிய இருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தித் திருப்பி அனுப்பியதில் ஒரு தாளுக்கு 64 முதல் 98 வரை மதிப்பெண் விழுந்தது. இன்னொரு தாளுக்கு 50 முதல் 97 வரை. எழுத்து ஒன்று, தாள் ஒன்று. ஒருவர் கையில் சுமார், இன்னொருவர் கையில் முதல் வரிசை. 'மொழி என்றால் அப்படித்தான்' என்று கணித ஆசிரியர்கள் சிரித்திருப்பார்கள். மறு ஆண்டே அதே இருவரும் ஒரு வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதற்கு 28-இல் தொடங்கி 90-ஐத் தாண்டிய மதிப்பெண்கள் வந்தன.

இன்றைக்கும் நிலைமை முழுக்க மாறிவிடவில்லை. இங்கிலாந்தின் தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவல் 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அனுபவம் வாய்ந்த மூத்த தேர்வாளர் கொடுத்திருக்கக்கூடிய அதே கிரேடு ஒரு மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பாடவாரியாகக் கணக்கிட்டார்கள். கணிதத்தில் 96 விழுக்காடு. ஆங்கில மொழியும் இலக்கியமும் சேர்ந்த தாளில் 52. ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. அந்த நாட்டில் மேல்முறையீட்டுக்கு ஒரு கறாரான விதியும் உண்டு. திருத்தியவர் தவறு செய்திருந்தால் மட்டுமே மதிப்பெண் மாறும். இன்னொருவர் ஒரு மதிப்பெண் கூடப் போட்டிருப்பார் என்பது காரணம் ஆகாது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது. இரண்டாவது ஆள் முதல் ஆளைவிடச் சரியானவர் என்று பாசாங்கு செய்யவில்லை.

சரி, நம் ஊரில் என்ன வழி?

சென்னை கல்லூரிச் சாலையில் எல்லாரும் டி.பி.ஐ. என்றே அழைத்துவந்த கல்வி வளாகம் இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயரில் இருக்கிறது. 1975-இல் தனி இயக்ககமாகப் பிரிந்த அரசுத் தேர்வுகள் இயக்ககம் அங்கேதான். அண்ணனூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய் அங்கிருந்து பஸ் பிடித்து அந்த வளாகத்தில் வரிசையில் நிற்க வேண்டிய தேவை இன்றைய மாணவருக்கு இல்லை. படித்த பள்ளியிலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம்; தனித்தேர்வர் தேர்வெழுதிய மையத்தில். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், குறிப்பிட்ட நாளில் விடைத்தாளின் ஸ்கேன் நகலை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பிளஸ் டூவுக்குச் சமீப ஆண்டுகளில் வாங்கப்பட்ட கட்டணம்: விடைத்தாள் நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய், மறுகூட்டலுக்கு 205, மறுமதிப்பீட்டுக்கு 505. உயிரியலுக்கு இரண்டு பகுதி என்பதால் கூடுதல். தமிழும் ஆங்கிலமும் முதல் தாள், இரண்டாம் தாள் என்று பிரிந்து கிடந்த 1200 மதிப்பெண் காலத்தில் மொழிப்பாடத்துக்கும் இப்படி அதிகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. தாள்கள் ஒன்றான பின் அது குறைந்தது.

எந்த வரிசையில் விண்ணப்பிப்பது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். மறுமதிப்பீடு, அதாவது விடையை இன்னொரு ஆசிரியர் மறுபடி படித்து மதிப்பெண் போடுவது, வேண்டுமானால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கியிருக்க வேண்டும். நகல் வாங்காமல் நேரடியாக மறுமதிப்பீடு கேட்க முடியாது. நகலுக்கு விண்ணப்பித்தவர் அதே பாடத்துக்கு அப்போதே மறுகூட்டலும் கேட்க முடியாது. நகல் கையில் வந்தபின் இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். முதலிலேயே அவசரப்பட்டு 'மறுகூட்டல்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் நகலும் இல்லை, மறுமதிப்பீடும் இல்லை. மாடி வீட்டுப் பெண் சொன்ன அறிவுரையின் விலை இதுதான். முடிவு வந்த சில நாட்களுக்குள் இதையெல்லாம் தீர்மானிக்க வேண்டும் என்பதால் யோசிக்க அவகாசமும் குறைவு. பத்தாம் வகுப்புக்கு நெடுங்காலம் மறுகூட்டல் ஒன்றுதான் வழியாக இருந்தது. அக்கா எழுதிய ஆண்டின் விதி தம்பிக்குப் பொருந்தாமல் போகலாம். அந்தந்த ஆண்டு வரும் செய்திக்குறிப்பைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுப் படிப்பதே பாதுகாப்பு.

ஆவடியில் இருக்கும் கேந்திரிய வித்யாலயங்களிலும் மற்ற சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு. அங்கே மறுமதிப்பீடு முழுத்தாளுக்கு இல்லை, வினாவுக்கு. ஒரு வினாவுக்கு 100 ரூபாய் என்று வாங்கிவந்தார்கள். எந்த விடையைப் பற்றிச் சந்தேகம் என்று மாணவரே சுட்டிக்காட்ட வேண்டும். மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததுதான் இறுதி. மொழித்தாளுக்கு இந்த முறை ஒருவகையில் பொருத்தம் என்றே தோன்றுகிறது. 'மொத்தத்தில் குறைவு' என்ற புலம்பலை '32-ஆவது வினாவுக்கு ஏன் இரண்டு?' என்ற கேள்வியாக அது மாற்றிவிடுகிறது.

விடைத்தாளைப் பார்க்கும் உரிமையே தானாக வந்துவிடவில்லை. மகாராஷ்டிரத் தேர்வு வாரியத்துக்கு எதிரான வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம், விதியில் இடமில்லாதபோது விடைத்தாளைப் பார்க்கவோ மறுமதிப்பீடு கேட்கவோ மாணவருக்கு உரிமை இல்லை என்றது. கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவே சட்டம். 2008-இல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு எழுதிய ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவர் தன் மதிப்பெண்ணில் திருப்தியில்லாமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விடைத்தாளைக் காட்டுங்கள் என்று கேட்டார். வாரியம் மறுத்தது. தேர்வாளருக்கும் வாரியத்துக்கும் இடையில் இருப்பது நம்பிக்கை சார்ந்த உறவு, அதில் கிடைத்த தகவலை வெளியே தர முடியாது என்பது அதன் வாதம். 2009-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. 2011 ஆகஸ்ட் 9 அன்று நீதிபதிகள் ஆர்.வி.ரவீந்திரன், ஏ.கே.பட்நாயக் அமர்வு அதை உறுதி செய்தது. திருத்தப்பட்ட விடைத்தாள் ஒரு தகவல், அதைப் பார்க்கவும் நகல் பெறவும் எழுதியவருக்கு உரிமை உண்டு. திருத்தியவர் யார் என்பது மட்டும் தெரியக்கூடாது.

பலரும் அந்தத் தீர்ப்பின் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள். தாளைப் பார்க்கலாம் என்றதே தவிர, பார்த்தபின் மறுமதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் ரண்விஜய் சிங் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: விதி இருந்தால் மறுமதிப்பீடு, விதி இல்லையென்றால், நீட்டி முழக்கி விளக்காமலே கண்ணுக்குத் தெரிகிற பிழை இருக்கும் அபூர்வமான நேரத்தில் மட்டும் நீதிமன்றம் தலையிடலாம், மாணவர்மேல் இரக்கம் என்பது காரணம் ஆகாது. கட்டுரைக்குக் குறைத்துப் போட்ட மதிப்பெண் கண்ணுக்குத் தெரிகிற பிழையா? கீ ஆன்சரே தப்பு என்று நீதிமன்றப் படியேறியவர்களில் சிலர் வென்றிருக்கிறார்கள். 'என் கட்டுரை இதைவிட நன்றாக இருந்தது' என்று ஏறுகிறவருக்கு அந்தப் படி ரொம்ப உயரம்.

மறுமதிப்பீடு என்ற கதவு அகலத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையிலேயே ஒரு பாடம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஏப்ரல்-மே பருவத் தேர்வுக்குப் பிறகு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மறுமதிப்பீட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. 73 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் தேர்ச்சி பெற்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டதாகக் குற்றம்சாட்டி 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. பள்ளித் தேர்வோடு இதை முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் முதல் திருத்தத்தில் தோற்றவர்கள் இத்தனை ஆயிரம் பேர் இரண்டாம் திருத்தத்தில் தேறுகிறார்கள் என்றால், இரண்டில் ஒன்று சரியாக நடக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இவ்வளவுக்கும் பிறகு, மொழிப்பாட மதிப்பெண்ணுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று ஒரு தரப்பு கேட்கும். பொறியியல் கட்-ஆஃபில் தமிழுக்கு வேலையே இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். அரசு கலைக் கல்லூரிகளிலும் பெரும்பாலான பாடங்களுக்கு மொழி நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் தரவரிசைக்கு எடுக்கப்படுகிறது. பி.ஏ. தமிழ் சேர நினைக்கும் பிள்ளைக்கோ தமிழ் மதிப்பெண்தான் எல்லாம். அவளுக்கு மூன்று மதிப்பெண் என்பது அடுத்த தெருக் கல்லூரிக்கும் மூன்று மாவட்டம் தள்ளி இருக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரமாக இருக்கலாம். 32 வாங்கி நிற்கிறவனுக்கு அதே மூன்று மதிப்பெண் 35, அதாவது பாஸ். மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் மானப் பிரச்சினை. மாநில ரேங்க் அறிவிப்பை 2017-இல் அரசு நிறுத்தும்வரை, தமிழை ஒரு பாடமாகப் படித்தவர்தான் மாநில முதலிடம் என்ற பட்டியலுக்குள் வர முடியும் என்று இருந்தது. மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சும் சமஸ்கிருதமும் எடுத்தவர்கள் 'தமிழில் அள்ளிப் போட மாட்டார்கள்' என்று சொன்ன காரணம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. முன்னே சொன்ன செண்டம் கணக்கைப் பார்த்தால் அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை.

நகல் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடம் தமிழ் ஐயாவின் அல்லது தமிழம்மாவின் வீடு. டியூஷன் சென்டர் அல்ல. முகாமில் கட்டுக் கட்டாகத் திருத்தியவர்களுக்குத்தான் எந்த இடத்தில் அரை மதிப்பெண் போயிருக்கும் என்பது தெரியும். முகப்புத் தாளில் இருக்கும் எண்களையும் உள்ளே இருக்கும் எண்களையும் அவர்கள் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிடுவார்கள். கடைசிப் பக்கத்தில் எழுதிய விடைக்குச் சிவப்பு மை பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடுதல் தாள் கட்டுக்குள் இருக்கிறதா என்று எண்ணுவார்கள். திருத்தாமல் விட்ட ஒரு நான்கு மதிப்பெண் விடை கண்ணில் பட்டால், 205 ரூபாயோடு வேலை முடிந்தது. எல்லாம் திருத்தப்பட்டு, எட்டுக்கு ஐந்து என்று மட்டும் இருந்தால், அவர்கள் கட்டுரையை ஒருமுறை முழுசாகப் படிப்பார்கள். "முன்னுரையே ஒரு பக்கம் எழுதிட்ட, விஷயத்துக்கு எப்ப வரப்போற?" என்று கேட்கக்கூடும். "நான் திருத்தியிருந்தா ஆறு போட்டிருப்பேன், ஏழு போட்டிருக்க மாட்டேன்" என்றும் சொல்லக்கூடும். அந்த ஒன்றுக்கு 505 ரூபாய் கட்டுவதா என்பது வீட்டார் பாடு.

கட்டியவர்கள் காத்திருக்க வேண்டும். மறுகூட்டல், மறுமதிப்பீட்டு முடிவு எல்லாருக்கும் தனித்தனியாக வருவதில்லை. மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும் ஒரு பட்டியலாக இணையதளத்தில் ஏறும். பட்டியலில் இடம்பெறாத பதிவெண்களுக்கு மதிப்பெண்ணில் எந்த மாற்றமும் இல்லை என்று மேலே ஒரு வரி இருக்கும். அதற்குள் அண்ணனூர்ப் பையன் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து, ஆவடி போகும் காலை ரயிலில் புதுப் பையோடு நின்றுகொண்டிருப்பான். ஃபோனில் பட்டியலைத் திறந்து, தன் எண்ணுக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே விரலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பான்.